ஒரே காற்று, ரெண்டு நம்பர்: உங்க போன்ல எந்த ஆப்பை நம்புறது?

காலையில் குழந்தையை கிரவுண்டுக்கு அனுப்பலாமா என்று போனில் காற்றுத் தரக் குறியீட்டை (ஏக்யூஐ) பார்க்கிறீர்கள். ஒரு ஆப் 83, இளம்பச்சை. இன்னொன்று 137, ஆரஞ்சு. எது பொய்?

ரெண்டுமே இல்லை. ஒரு கன மீட்டர் காற்றில் ‘பிஎம் 2.5’ நுண்துகள் 50 மைக்ரோகிராம் இருந்தால், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோலில் அது 83, ‘திருப்திகரம்’. வாரியத்தின் ‘சமீர்’ செயலி காட்டுவது இந்தக் கணக்கு. அதே காற்று அமெரிக்க அளவுகோலில் 137. ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள், குழந்தைகள், முதியவர்களுக்கு நல்லதல்ல என்று அர்த்தம். ‘ஐக்யூஏர்’ மாதிரியான வெளிநாட்டு ஆப்கள் பொதுவாக இந்த வழியில்தான் கணக்குப் போடும். இதில் எந்தக் கணக்கு என்று பெரும்பாலானவர்கள் பார்ப்பதே இல்லை, நிறத்தைப் பார்த்துவிட்டு போனை மூடிவிடுகிறோம்.

உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வகுத்த 24 மணி நேர அளவு வெறும் 15 மைக்ரோகிராம். அதைவிட மூன்று மடங்குக்கும் அதிகமான காற்றுக்குத்தான் இங்கே ‘திருப்திகரம்’ என்று பெயர். வீசிங் உள்ள பிள்ளையின் அம்மாவுக்கு அந்த வார்த்தை சொல்வது, ‘பயமில்ல, அனுப்புங்க’ என்பதுதான்.

அடுத்த சிக்கல் நேரம். இந்தியக் குறியீடு, கடந்த 24 மணி நேரத்தின் சராசரி. தீபாவளி ராத்திரி 9 மணிக்குத் தெருவே புகையில் மூழ்கியிருக்கும், ஆனால் பகலின் சுத்தமான காற்றும் கணக்கில் சேர்ந்து நம்பரைக் கீழே இழுக்கும். மறுநாள் மதியம் புகை கலைந்த பிறகும் நம்பர் உயரத்திலேயே நிற்கும். அமெரிக்காவில் இதற்காகவே கடைசி சில மணி நேரத்துக்கு அதிக எடை கொடுத்துக் கணக்கிடுகிறார்கள்.

சரி, நம்பர் தெரிந்தது. என்ன செய்யணும்? இங்கேதான் நம் கருவி ரொம்பவே சறுக்குகிறது. ‘திருப்திகரம்’ என்ற வகைக்குக் கீழே, எளிதில் பாதிக்கப்படுபவர்களுக்கு லேசான மூச்சு அசௌகரியம் வரலாம் என்று ஒரு வரி உண்டு. அது விளைவு, யோசனை இல்லை. கனடாவின் குறியீடு 1-ல் தொடங்கி 10-ஐத் தாண்டினால் ‘மிக அதிக ஆபத்து’. ஒவ்வொரு படிக்கும் ரெண்டு பத்தி: நோய் உள்ளவர்களுக்குத் தனி, மற்றவர்களுக்குத் தனி. 4 முதல் 6 வரை என்றால், ‘மூச்சுத் தொந்தரவு இருந்தால் வெளியில் கடும் உடற்பயிற்சியைக் குறையுங்கள், அல்லது தள்ளிப்போடுங்கள்’ என்கிறது முதல் பத்தி. மற்றவர்கள் வழக்கம்போல இருக்கலாம், இருமலோ தொண்டை எரிச்சலோ வந்தால் ஒழிய.

இதற்குப் புது சென்சார் எதுவும் வேண்டாம். இருக்கிற தகவலை, யாருக்கு என்ன என்று பிரித்து, தமிழில் ரெண்டு வரி எழுதினால் போதும். அதுவரை உங்கள் ஆப்பில் குறியீட்டைத் தட்டி உள்ளே போய், பிஎம் 2.5 எத்தனை மைக்ரோகிராம், எந்த மணிக்கான அளவு என்று பாருங்கள். அந்த எண் எந்த நாட்டு அளவுகோலிலும் மாறாது.