கயிறு எதற்கு?

பாய்மரப் படகைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும் என் நண்பர் ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். "மாங்காட்டில் உட்கார்ந்துகொண்டா?" என்று கேட்டார்.

கேட்க வேண்டிய கேள்விதான். கடலுக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே சென்னைப் பட்டணம் முழுவதும் கால் நீட்டிப் படுத்திருக்கிறது. இங்கே காமாட்சி அம்மன் உண்டு. ஆறு வாரம் எலுமிச்சம்பழத்தோடு வந்து வேண்டிக்கொள்கிறவர்களின் கூட்டம் உண்டு. குன்றத்தூருக்கும் பூந்தமல்லிக்கும் பஸ் உண்டு. படகு மட்டும் கிடையாது. (பெருமழை பெய்தால் தெருவிலேயே படகு விடலாம் போலிருக்கும், அது வேறு வழக்கு.) ஆனாலும் படகிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. சற்றுப் பொறுங்கள், பஸ்ஸுக்கு வந்துவிடுகிறேன்.

தூரக் கடல் போகும் பாய்மரப் படகின் உள்ளே ஒரு சின்னக் குடித்தனமே இருக்கும். அடுப்பு, பேட்டரி, தண்ணீர்த் தொட்டி, டின் டின்னாக உணவு, கருவிப் பெட்டி, காலடியில் கழற்றி மாட்டக்கூடிய பலகைகள். துறைமுகத்தில் நிற்கும்போது பார்த்தால் பொம்மை வீடு போல அழகாயிருக்கும். நடுக்கடலில் பெரிய அலை ஒன்று படகைப் புரட்டிப் போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தளம் கூரையாகிறது, கூரை தளமாகிறது. அரைக்கணத்துக்கு முன் அடுப்பாக இருந்தது இப்போது பீரங்கிக் குண்டு. காலடிப் பலகை கத்தி. பேட்டரியோ அமிலத்தை வேறு கக்கிக்கொண்டு பறக்கிறது.

1979 ஆகஸ்டில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட பாஸ்ட்நெட் பந்தயத்தில் 303 படகுகள் கலந்துகொண்டன. நடுவழியில் புயல் பிடித்துக்கொண்டது. பந்தய வீரர்கள் 15 பேர் மாண்டார்கள். 24 படகுகளை அவற்றில் இருந்தவர்கள் கைவிட்டு வெளியேறினார்கள். அந்த 24-இல் மூழ்கியவை 5 தான். மற்ற 19-ம் பிறகு மிதந்துகொண்டிருக்கக் கண்டெடுக்கப்பட்டன! மிதக்கிற படகை விட்டு ஏன் போனார்கள்? காரணங்கள் பல இருந்தன. ஆனால் உள்ளே அடுப்பும் பேட்டரியும் பலகையும் இடம் பெயர்ந்து தாக்கும்போது, அந்த அறை மனிதன் ஒதுங்கக்கூடிய இடமாக இராது என்பதையும் அந்தப் புயல் உலகத்துக்குக் கற்பித்தது. இன்றைக்குத் தூரக் கடல் பந்தய விதிகளில் ஒரு விதி இருக்கிறது. படகு 180 பாகை புரண்டு தலைகீழானாலும் அடுப்பு, பேட்டரி, நங்கூரம் போன்ற கனமான சாமான்கள் வைத்த இடத்திலேயே இருக்கும்படி பிணைத்திருக்க வேண்டும்.

தலைகீழானாலும்! இந்த ஒரு சொல்லைப் படித்துவிட்டு நான் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

2018 செப்டம்பரில் நம் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, தனியொருவராக உலகைச் சுற்றும் பந்தயத்தில், தென் இந்துமகா சமுத்திரத்தில் புயலில் சிக்கினார். 'துரியா' என்ற அவருடைய படகு புரண்டது, பாய்மரம் முறிந்தது, அவருடைய முதுகெலும்பு அடிபட்டது. பிரெஞ்சுக் கப்பல் ஒன்று வந்து மீட்கும் வரையில் எழுந்து நடமாட முடியாமல் படகுக்குள்ளேயே படுத்துக் கிடந்தார். விலகக்கூட முடியாத மனிதன் மேல் கட்டாத சாமான் ஒன்று உருண்டு வந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். புதுச்சேரிப் பெண் ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டுப் பெண் தில்னாவும் 'தாரிணி' என்ற 56 அடிப் படகில் 2024 அக்டோபரில் கோவாவை விட்டுக் கிளம்பி, ஹார்ன் முனையைச் சுற்றிக்கொண்டு 2025 மே மாதம் திரும்பி வந்தார்களே, வாசலில் கோலம் போட்டு வரவேற்றிருக்க வேண்டும் நாம். அப்படிப்பட்டவர்களின் உயிர் வீரத்தில் பாதி தொங்குகிறது என்றால், ஒரு போல்ட்டில் மீதிப் பாதி தொங்குகிறது.

"அதெல்லாம் கடல், ஐயா. புயல், அலை. நம் பஸ் தலைகீழாகவா போகிறது?" என்றார் நண்பர்.

போக வேண்டியதில்லை. திரும்பினாலே போதும். 2024 ஏப்ரல் 24-ஆம் தேதி திருச்சியில் ஒரு நகரப் பேருந்து வளைவில் திரும்பிற்று. கண்டக்டர் உட்கார்ந்திருந்த ஸீட் பிடி கழன்று, அவரையும் சுமந்துகொண்டு சாலையில் போய் விழுந்தது. புயல் இல்லை, அலை இல்லை. பட்டப்பகலில், தார் ரோட்டில்! அதற்கு இரண்டரை மாதம் முன்னால், பிப்ரவரி 6-ஆம் தேதி, வள்ளலார் நகரிலிருந்து எங்களுக்குப் பக்கத்து ஊரான திருவேற்காட்டுக்கு வரும் பஸ்ஸில், அமைந்தகரை அருகே தளப் பலகை பெயர்ந்து ஒரு பெண் ஓட்டைக்குள் விழுந்தார். சகபயணிகள் போட்ட கூச்சலில் வண்டி நின்றது, பிழைத்தார். 2012 ஜூலையில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில், பள்ளிக்கூட பஸ்ஸின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்த இரண்டாம் வகுப்புக் குழந்தை பிழைக்கவில்லை. தகுதிச் சான்று பெற்ற வண்டிதான் அது. அதன் பிறகு ஹைகோர்ட் தானே முன்வந்து கேள்வி கேட்டது. பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் பிறந்தன.

விதிக்கு நம்மிடம் பஞ்சமே கிடையாது. பஸ்ஸுக்குக் கூடு கட்டுவதற்கென்று ஒரு தொகுப்பு. ஸீட்டும் அதன் பிடிமானமும் எவ்வளவு இழுவை தாங்க வேண்டும் என்று இன்னொரு தொகுப்பு. எல்லாம் புது வண்டி வெளியே வருகிற நாளுக்கு. அந்த ஸீட்டில் ஆயிரமாயிரம் பேர் தொப்பென்று உட்கார்ந்து எழுந்த பிறகு யார் இழுத்துப் பார்த்தார்கள் என்பதுதான் கேள்வி.

திருச்சி சம்பவத்துக்கு மறுநாள், மாநிலத்தில் உள்ள எல்லா அரசுப் பேருந்துகளையும் 48 மணி நேரத்தில் சோதிக்கும்படி உத்தரவு பிறந்தது. நல்லது. ஆனால் 48 மணி நேரத்தில் முடிகிற காரியமென்றால், அது 24-ஆம் தேதிக்கு முன்னால் ஏன் முடியவில்லை? இதற்கு எனக்கு யாரும் பதில் சொல்லவில்லை. 'வண்டி பழசு' என்கிறார்கள். பழசு என்பது ஒரு பதிலா? என் பாட்டியின் தேக்கு மரப் பெட்டியும் பழசுதான்; அதன் கீல் இன்னும் கழலவில்லை. புது வண்டியிலும் போல்ட்டுக்கு அடியில் அகலமான வாஷர் கொடுக்காமல் முடுக்கினால் பலகையைப் பிய்த்துக்கொண்டு வரத்தான் செய்யும். சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. போல்ட் இரும்பு, அது கெட்டியாகவே இருக்கும். அது பிடித்துக்கொண்டிருக்கிற பலகை, மழைத் தண்ணீரும் கழுவுகிற தண்ணீரும் இறங்கி இறங்கி, மேலே போட்ட தகட்டுக்கு அடியில் ஊறிப்போன ரஸ்க்கைப் போல் ஆகியிருக்கும். மேலே நின்று பார்த்தால் எதுவும் தெரியாது. கண்ணால் சோதிக்கிறவனுக்கு எல்லா ஸீட்டும் நல்ல ஸீட்தான். கையால் இழுக்கிறவனுக்குத்தான் உண்மை தெரியும்.

படகுக்காரர்களின் இன்னொரு பாடம் கைப்பிடி. தடுமாறி விழப் போகிறவன் எதையாவது எட்டிப் பிடிப்பான். அந்தக் கைப்பிடியை மெல்லிய பலகையில் நாலு குட்டைத் திருகாணியால் பொருத்தியிருந்தால், பிடியும் ஆணியும் ஆளும் சேர்ந்து போவார்கள். ஊடுருவிப் போகும் போல்ட்டும் பின்னால் ஒரு தாங்கு தகடும் வேண்டும். செலவு எவ்வளவு? ஒரு வேளைக் காப்பிச் செலவு!

நமக்கு இந்த ஞானம் புதிதா என்ன? கோயிலில் மூர்த்தியைப் பீடத்தில் சும்மாவா தூக்கி வைக்கிறார்கள்? கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்று எட்டுச் சரக்கை இடித்து இடித்து மெழுகாக்கி, அஷ்டபந்தனம் சாத்துகிறார்கள். அதோடு விட்டுவிடுவதும் இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் பழைய மருந்தை எடுத்துவிட்டுப் புதிது சாத்தி, கும்பாபிஷேகம் செய்கிறார்கள். அசையாத கட்டடத்துக்குள் அசையாமல் நிற்கிற கல்லுக்கு இத்தனை ஜாக்கிரதை. குலுங்குகிற வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் கண்டக்டருக்கு ஒன்றும் கிடையாது.

பிறரைத் திட்டிக்கொண்டே போனால் என் கணக்கு தீர்ந்துவிடாது. என்னுடையதையும் சொல்லியாக வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன் என் அக்காவின் பேத்திக்குத் திருத்தணியில் கல்யாணம். மாங்காட்டிலிருந்து வேன் வைத்துக்கொண்டு கிளம்பினோம். சீர் சாமான்களையும் அதிலேயே ஏற்றினோம். குத்துவிளக்கு, அண்டா, குடம், புதுக் கிரைண்டர். கிரைண்டரை நடைபாதையில் ஸீட்டுகளுக்கு நடுவே நிறுத்தினார்கள். அக்காவின் பேரன், காலேஜில் படிக்கிற பையன், "தாத்தா, கயிறு இருந்தா குடுங்களேன், ஸீட்டுக் காலோட சேர்த்துக் கட்டிடறேன்" என்று கேட்டான். நல்ல நேரம் தப்பிவிடப் போகிறதே என்ற அவசரம் எனக்கு. "கயிறு எதற்குடா? இதோ இருக்கிற திருத்தணிக்கு! சாக்கைச் சுற்றி வை, போதும்" என்று சொல்லிவிட்டேன். நான் பெரியவன், அவன் பேசாமல் ஏறிக்கொண்டான்.

திருமழிசை தாண்டி மாடு ஒன்று குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக் போட்டார். மாடு பிழைத்தது. கிரைண்டர் சாக்கோடு வழுக்கிக்கொண்டு போய், காலை நீட்டி உட்கார்ந்திருந்த அக்காவின் கணுக்காலில் மோதியது.

40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதிலாவது மோதிச் சட்டென்று நின்றுவிட்டால், உள்ளே கட்டாமல் கிடக்கும் பொருள் நிற்காது. அதே வேகத்தில் போகும். ஏறக்குறைய 20 அடி உயரத்திலிருந்து கீழே விழும் பொருளுக்கு எவ்வளவு வேகம் இருக்குமோ அவ்வளவு. இந்தக் கணக்கைப் பிறகு போட்டுப் பார்த்தேன். எங்கள் டிரைவர் சட்டென்று நிறுத்தவில்லை, தேய்த்து நிறுத்தினார். அதனால் அக்காவுக்குக் கணுக்காலோடு போயிற்று. தாலி கட்டும்போது பூவிருந்தவல்லி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தாள். இன்றைக்கும் தடி ஊன்றித்தான் கோயிலுக்கு வருகிறாள். "மாடு வந்ததுக்கு நீ என்னடா பண்ணுவே?" என்கிறாள். பேரன் மட்டும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அன்று முதல் எனக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. எந்த வண்டியில் ஏறினாலும் உட்காருவதற்கு முன் ஸீட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்ப்பேன். போன மாதம் ஒரு பஸ்ஸில் அப்படி இழுத்துக்கொண்டிருந்தபோது கண்டக்டர் பார்த்துவிட்டார்.

"என்ன பெரியவரே, டிக்கெட்டு எடுத்துட்டு அப்புறம் ஸீட்டைப் பிடுங்குங்க" என்றார்.

"பிடுங்கவில்லை தம்பி, பிடுங்கிக்கொண்டு வருமா என்று பார்க்கிறேன்."

அவர் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கடைசி வரிசையில உட்காராதீங்க. வலப்பக்கம் மூணாவது ஸீட்டு கெட்டியா இருக்கும், அதுல உட்காருங்க" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில் ஒரு பெண், மடியில் கைக்குழந்தையோடு, உட்கார்ந்திருந்தாள். அவளைக் கூப்பிட்டு மூன்றாவது ஸீட்டில் உட்கார வைத்துவிட்டு, மேல் கம்பியை ஒரு தரம் இழுத்துப் பார்த்துக்கொண்டு, குமணன்சாவடி வரைக்கும் நின்றுகொண்டே போனேன்.