முத்தம் கொஞ்சம் காத்திருக்கட்டும்

காய்ச்சல் விட்ட மறுநாள் உதட்டோரம் கொத்தாகக் கொப்புளங்கள். 'எல்லாம் உடம்புச் சூடு' என்று வீட்டில் இளநீர் கொடுப்பார்கள். பத்து நாளில் பொருக்கு உதிர்ந்துவிடும். ஆனால் காரணம், ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ்-1 என்ற வைரஸ்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2020-ல் உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் 64 சதவீதம் பேரிடம் இது இருந்தது. பெரும்பாலோருக்கு அது தெரியாது. சிறு வயதில் யாரோ கொடுத்த முத்தத்தில் தொற்றும் வைரஸ், முகத்துக்கு வரும் நரம்பின் முடிச்சில் போய் ஆயுள் முழுக்கப் பதுங்கிவிடுகிறது. காய்ச்சல், கடும் வெயில், மன உளைச்சல், மாதவிலக்கு என்று ஏதாவது ஒன்று தட்டியெழுப்பினால், வந்த நரம்பு வழியே உதட்டுக்குத் திரும்புகிறது.

ஏசைக்ளோவிர் மாத்திரை இதை வேரோடு ஒழிக்காது. ஆனால் உதட்டில் குறுகுறுப்பு தொடங்கியதுமே டாக்டர் ஆலோசனைப்படி சாப்பிட்டால் அவஸ்தை சீக்கிரம் தீரும். அம்மருந்தின் பின்னணியில் இருந்த கெர்ட்ரூட் எலியன், 1988-ல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.

பெரியவர்களுக்கு இது பெரும்பாலும் தொல்லை மட்டுமே. கொப்புளத்தைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கினால் கருவிழி பாதிக்கப்படலாம். உண்மையான ஆபத்து பச்சிளங்குழந்தைகளுக்கு. மூளை, கல்லீரல் வரை பரவி உயிரையே பறிக்கக்கூடும்.

எனவே, பேரனைப் பார்க்க வரும் பாட்டியின் உதட்டில் கொப்புளம் இருந்தால் கை கழுவிவிட்டுத் தூக்கலாம். முத்தம், புண் முழுவதும் ஆறும்வரை காத்திருக்கட்டும்.