நம்மைப் பாராத பயிற்றுவிப்பாளரை நம்பலாமா?

வெள்ளவத்தையில் நான் குடியிருக்கும் தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் ஓர் அக்கா இருக்கிறார். வயது 58. பிள்ளைகள் இருவரும் கனடாவில். சில மாதங்களுக்கு முன்னர் ஒரு காலைப்பொழுதில் அவர் மாடிப்படியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். உடல் வியர்த்துக் கொட்டியது. கைகள் நடுங்கின. கேட்ட கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்லவும் முடியவில்லை. கீழ் மாடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் ஓடி வந்து, நிலைமையை உடனே புரிந்துகொண்டு, சீனி கரைத்த தண்ணீரைப் பருகக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் அக்கா தெளிந்துவிட்டார்.

விசாரித்தபோது காரணம் தெரியவந்தது. அக்கா பல ஆண்டுகளாகச் சலரோகத்துக்கு மாத்திரை எடுப்பவர். மகள் வட்ஸ்அப்பில் அனுப்பிய காணொளி ஒன்றில், வெறும் வயிற்றில் பயிற்சி செய்தால் கொழுப்பு வேகமாகக் கரையும் என்று ஓர் இளம் பயிற்றுவிப்பாளர் அடித்துச் சொல்லியிருக்கிறார். அக்கா வழமைபோல் மாத்திரையை விழுங்கிவிட்டு, காலை உணவைத் தவிர்த்து, 40 நிமிடங்கள் குதித்திருக்கிறார்.

கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரைகள், நாம் உண்டாலும் உண்ணாவிட்டாலும் கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. அத்துடன் பயிற்சியும் சேர்ந்தால் தசைகள் இரத்தத்திலுள்ள சீனியை உறிஞ்சிக்கொள்ளும். உணவும் இல்லையென்றால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். 25 வயது ஆரோக்கியமான இளைஞர் வெறும் வயிற்றில் ஓடுவதால் பெரும்பாலும் ஒன்றும் நேர்வதில்லை. பயிற்சி நேரத்தில் கொழுப்புச் சற்றுக் கூடுதலாக எரியும் என்பதும் உண்மையே. ஆனால் அதனால் வாரக்கணக்கில் எடை கூடுதலாகக் குறைவதில்லை. எனவே அந்தக் காணொளியை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. அது அக்காவுக்காகச் சொல்லப்பட்டதன்று என்பதுதான் கோளாறு.

இணையத்துப் பயிற்றுவிப்பாளர்களைப் பின்பற்றலாமா என்று நண்பர்கள் என்னிடம் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மாடிப்படிதான் நினைவுக்கு வருகிறது. அதற்காக அவர்கள் எல்லோரையும் ஏமாற்றுக்காரர்கள் என்று ஒதுக்கிவிடவும் மனம் ஒப்பவில்லை.

ஏனெனில் தேவை உண்மையானது. 2005-2006இல், வடக்கு கிழக்கு நீங்கலான ஏழு மாகாணங்களில் நடத்தப்பட்ட ஆய்வில், 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 சதவீதத்தினருக்குச் சலரோகம் இருப்பது தெரியவந்தது. நகர்ப்புறங்களில் அது 16.4 சதவீதம். ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர்! நகர வாழ்க்கையோ உடலை அசைக்க இடம் தருவதில்லை. வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் வரை நடந்து செல்ல வசதியுள்ளவர்கள் கொடுத்துவைத்தவர்கள். கொட்டாஞ்சேனையின் ஒழுங்கைகளில், ஒரே அறையில் நான்கைந்து பேர் வாழும் வீடுகளில், ஒரு பெண் எங்கே போய்ப் பயிற்சி செய்வது? 2020 ஒக்டோபரில் கொட்டாஞ்சேனைப் பொலிஸ் பிரிவில் தனிமைப்படுத்தல் ஊரடங்கு விதிக்கப்பட்டபோது, அங்குள்ள பலருக்குக் கைத்தொலைபேசியே உடற்பயிற்சிக்கூடமாக இருந்தது.

தூரத்திலிருந்து பயிற்சி சொல்லிக்கொடுப்பது புதிய விடயமுமல்ல. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே சார்ள்ஸ் அட்லஸ் என்பவர் அமெரிக்காவிலிருந்து தபால் மூலம் உடற்பயிற்சிப் பாடங்களை விற்றார். மெலிந்த இளைஞன் பலசாலியாக மாறும் அவருடைய சித்திரக்கதை விளம்பரம் உலகப் புகழ் பெற்றது. 1982இல் ஜேன் ஃபொண்டாவின் பயிற்சி ஒளிநாடா வீட்டு வரவேற்பறைக்குள் நுழைந்தது. 2020 மார்ச்சில் பிரித்தானியப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, ஜோ விக்ஸ் என்ற பயிற்றுவிப்பாளர் தம் வீட்டிலிருந்தே யூடியூப் வழியாகச் சிறுவர்களுக்குத் தினந்தோறும் இலவசமாகப் பயிற்சி நடத்தினார். மார்ச் 24ஆந் திகதி 955,185 வீடுகளில் ஒரே நேரத்தில் அது பார்க்கப்பட்டது கின்னஸ் சாதனையாகப் பதிவாகியுள்ளது. எளிய அசைவுகள், அரை மணி நேரம், அற்புத வாக்குறுதிகள் எவையுமில்லை. இத்தகையவர்களால் நன்மையே விளைந்தது.

மறுபக்கமும் இருக்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பிரிட்டனி டோன் டேவிஸ் என்ற இணையப் பயிற்றுவிப்பாளர் மீது 2022இல் மாநில அரசே வழக்குத் தொடுத்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் திட்டம் வகுத்துத் தருவதாகப் பணம் பெற்றுவிட்டு, பலருக்கும் பொதுவான ஒன்றையே அனுப்பினார் என்பது குற்றச்சாட்டு. 2023இல் 400,000 டொலர் செலுத்த உடன்பட்டு அவர் வழக்கை முடித்துக்கொண்டார். 'ஈரல் அரசன்' என்று தமக்குப் பட்டம் சூட்டிக்கொண்ட பிரையன் ஜோன்சனின் கதை இன்னும் வேடிக்கையானது. பச்சை ஈரலை உண்டு ஆதிமனிதனைப்போல் வாழ்வதால்தான் தமக்கு இந்த உடற்கட்டு என்று சொல்லிச் சத்துமாத்திரை வியாபாரம் நடத்தினார். அவருடைய மின்னஞ்சல்கள் வெளியானதும், ஸ்டெரொய்ட் பயன்படுத்தியதை 2022 டிசெம்பரில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

இவை வெளிநாட்டுக் கதைகள்தானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

எங்கள் பணிமனையில் ஒப்புநோக்குநராக இருக்கும் தம்பி ஒருவர் கொட்டாஞ்சேனையைச் சேர்ந்தவர். வயது 27. சமூக ஊடகத்தில் பெயர் பெற்ற ஒரு பயிற்றுவிப்பாளரிடம் 8,000 ரூபா கட்டி மூன்று மாதத் திட்டம் வாங்கியிருந்தார். "அண்ணன், இது எனக்கென்றே தயாரித்தது" என்று பெருமையோடு காட்டினார். பழைய நிருபர் புத்தி சும்மா இருக்குமா? நானும் 8,000 ரூபா கட்டினேன். விண்ணப்பத்தில் உண்மையையே எழுதினேன்: வயது 56, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறேன், வலது முழங்கால் நோகும், சைவ உணவு.

இரண்டு நாட்களில் என் 'பிரத்தியேகத் திட்டம்' வந்தது. தம்பியினுடையதை அருகில் வைத்துப் பார்த்தோம். மேலே எழுதியிருந்த பெயர் மட்டுமே வேறு. முதல் நாளே ஆழமாகக் குந்தியெழுந்து 80 தடவை குதிக்க வேண்டும். மதிய உணவு, வாட்டிய கோழி நெஞ்சுப்பகுதி 200 கிராம்! முழங்கால் வலியைப் பற்றி மீண்டும் எழுதிக் கேட்டேன். மடித்த கையின் தசை புடைக்கும் சிறு படம் ஒன்று பதிலாக வந்தது. அதன் பின்னால் புரதத் தூள் ஒன்றை விலைக்கழிவில் வாங்குவதற்கான இணைப்பும் வந்தது. தம்பி எதுவும் பேசவில்லை. தமது திட்டத்தை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டார். அந்த 8,000 ரூபா அவருடைய சம்பளத்தில் சிறு தொகையன்று.

செய்தி மேசையில் இளம் நிருபர்களுக்கு நாங்கள் முதலில் கற்பிப்பது மூன்று கேள்விகளை. சொல்பவர் யார்? அது அவருக்கு எப்படித் தெரியும்? சொல்வதால் அவருக்கு என்ன இலாபம்? பயிற்றுவிப்பாளர்களை எடைபோடவும் இவையே உதவுகின்றன.

முதலாவது கேள்விக்குப் பலரும் உடலையே விடையாகக் கொள்கிறார்கள். கட்டான உடல் ஒரு சான்றிதழன்று. இளமை, பரம்பரை, ஒளியமைப்பு, சிலவேளை மருந்து, இத்தனையும் அந்தப் படத்துக்குள் மறைந்திருக்கலாம். பின்தொடர்வோர் தொகையும் சான்றாகாது. 2020 டிசெம்பரில் கொரோனாவுக்கு மருந்தென்று சொல்லப்பட்ட பாணியை வாங்கக் கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். கூட்டம் கூடியதால் பாணி மருந்தாகிவிடவில்லை.

இரண்டாவது கேள்வி தகைமை பற்றியது. உடல்நலம் குறித்து ஆலோசனை சொல்லும் சமூக ஊடகப் பிரபலங்கள் தமது தகைமையை வெளிப்படுத்த வேண்டும் என்று 2023 ஓகஸ்டில் இந்திய அரசு வழிகாட்டல் வெளியிட்டது. நல்ல ஏற்பாடு. நாம் எங்கிருந்தாலும், எங்கே படித்தீர்கள் என்று கேட்பதற்குச் சட்டம் தேவையில்லை. கேட்டதற்குக் கோபப்படுபவரிடம் விலகியிருப்பதே மேல்.

மூன்றாவது கேள்வி இலாபம். உழைப்புக்குக் கட்டணம் வாங்குவது குற்றமல்ல. ஆனால் பயிற்சியைக் காட்டித் தூளையும் மாத்திரையையும் விற்பவர், நமது உடம்பைக் காட்டிலும் தமது கையிருப்பைப் பற்றியே கூடுதலாக யோசிக்கக்கூடும். உள்ளே என்ன கலந்திருக்கிறதென்று தெரியாத பொருளின் ஆபத்து நம் நாட்டுக்குப் புதிதன்று. 2011 உலகக் கிண்ணப் போட்டியின்போது உபுல் தரங்கவின் பரிசோதனையில் தடைசெய்யப்பட்ட பிரெட்னிசொலோன் கண்டறியப்பட்டது. தோள்பட்டை உபாதைக்காக உட்கொண்ட மூலிகை மருந்தினால் வந்த வினை அது. அவருக்கு மூன்று மாதத் தடை விதிக்கப்பட்டது. அணி வைத்தியர்கள் சூழ இருந்த ஒரு தேசிய வீரருக்கே அந்தக் கதியென்றால், கைத்தொலைபேசியில் தூள் வாங்கும் நமக்கு?

இம்மூன்றுக்கும் மேலாக, அக்காவின் அனுபவத்துக்குப் பின்னர் நான்காவது கேள்வி ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன். அவர் யாருக்குச் சொல்கிறார்? மற்றவற்றில் தேறியவரும் இதில் தவறலாம். மேலைநாட்டுப் பயிற்றுவிப்பாளரின் அட்டவணையில் உடற்திணிவுச் சுட்டெண் 25 வரை கவலையில்லை. ஆசியர்களுக்கு 23இலேயே ஆபத்துக் கூடத் தொடங்குகிறதென்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு 2004இலேயே குறிப்பிட்டது. தென்னாசிய ஆணின் இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றரையும் பெண்ணினுடையது 80 சென்ரிமீற்றரையும் எட்டும்போதே எச்சரிக்கை வேண்டும். அங்கே மெலிந்தவராகக் கணிக்கப்படுபவர் இங்கே சலரோகத்தின் வாசலில் நிற்கலாம்.

ஆகவே ஒருவரைப் பின்பற்றுமுன் அவருடைய பத்துக் காணொளிகளைப் பாருங்கள். இன்ன நோயுள்ளவர்கள் இதைச் செய்ய வேண்டாம் என்று ஒரு தடவையாவது சொல்கிறாரா? முடியாதவர்களுக்கு இலகுவான மாற்று அசைவைக் காட்டுகிறாரா? நெஞ்சுவலி, தலைசுற்றல், கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் கறுத்துப் போதல் ஆகியவை ஏற்பட்டால் நிறுத்திவிட்டு வைத்தியரை நாடச் சொல்கிறாரா? பணம் வாங்கினால், வாங்குமுன் உங்களிடம் கேள்வி கேட்கிறாரா, உங்கள் பதிலால் திட்டம் மாறுகிறதா? வலி வந்தால் தான் பலன் வரும் என்று எல்லோரையும் ஒரே கோலால் ஓட்டுபவர் எவ்வளவு புகழ் பெற்றவராயினும் நமக்கு வேண்டாம்.

உண்மையில் நமக்குத் தேவையானவை மிகச் சொற்பம். வளர்ந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான பயிற்சி செய்ய வேண்டும். வாரத்தில் இரண்டு நாட்களாவது தசைகளை வலுப்படுத்த வேண்டும். 65 வயதைக் கடந்தோர் மூன்று நாட்கள் சமநிலைப் பயிற்சியும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2020இல் உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட பரிந்துரைகளின் சாரம் இவ்வளவுதான். வேகமாக நடப்பதும் மிதமான பயிற்சியே. இதைச் சோர்வில்லாமல் தொடரச் செய்பவரே நல்ல பயிற்றுவிப்பாளர். ஆறு வாரத்தில் ஆளையே மாற்றிக் காட்டுவதாகச் சொல்பவர் எதையோ விற்கிறார்.

மூன்றாம் மாடி அக்கா பயிற்சியை விட்டுவிடவில்லை; அதுதான் எனக்கு மகிழ்ச்சி. வைத்தியரிடம் போய் மாத்திரை எடுக்கும் வேளையைப் பற்றிக் கேட்டறிந்தார். இப்போது காலை உணவுக்குப் பின், நின்ற இடத்திலேயே நடக்கும் பயிற்சியைக் காட்டும் வேறொரு பெண்மணியைப் பின்பற்றுகிறார். சட்டைப்பையில் இரண்டு குளுக்கோஸ் இனிப்புகள் எப்போதும் இருக்கும். சென்ற ஞாயிறு மாலை மரைன் டிரைவில் அவரைச் சந்தித்தேன்.

"அந்தப் பொடியனும் கெட்டவன் இல்லைத் தம்பி, அவனுக்கு என்னைத் தெரியாது, அவ்வளவுதான்" என்றார்.

எனது முடிவும் அதுவே. கைத்தொலைபேசியில் தோன்றுபவருக்கு நம்மைத் தெரியாது. தெரியாது என்பதை உணர்ந்து பேசுபவரைப் பின்பற்றலாம். தெரிந்ததுபோல் பேசுபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். வெளிநாடுகளில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள்: அம்மாவுக்குக் காணொளி அனுப்புமுன், அம்மா என்ன மாத்திரை எடுக்கிறார் என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.