முதுகுக்குப் பின்னால் ஒரு கண்

காரை ரிவர்ஸ் எடுக்கும்போது திரையைப் பார்த்து ஓட்டுவது இப்போது எல்லோருக்கும் பழகிவிட்டது. அதே கேமரா, பழத்தோட்டத்து டிராக்டரில் வேறொரு வேலை பார்க்கிறது. அங்கே வண்டி முன்னால்தான் போகிறது. ஆனால், டிரைவர் கவனிக்க வேண்டியதெல்லாம் பின்னால் நடக்கிறது.

அமெரிக்காவில் விளையும் ஆப்பிளில் பாதிக்கு மேல் வாஷிங்டன் மாநிலத்தில் விளைகிறது. அங்கே யாகிமா, வெனாச்சி பக்கம் போனால் வரிசை வரிசையாக ஆப்பிள் மரங்கள். மருந்து அடிக்க, டிராக்டருக்குப் பின்னால் ஒரு பெரிய டேங்கை இழுத்துப் போகிறார்கள். டேங்கின் பின்புறம் ராட்சத விசிறி. அதைச் சுற்றி இருபுறமும் வளைவாக நாஸில்கள். நாஸில் மருந்தைப் பொடித் துளிகளாக்கும். விசிறிக் காற்று அதை மரத்தின் உச்சி வரை கொண்டு போகும்.

டிரைவர் மூடிய கேபினுக்குள் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே வரும் காற்றைக்கூட கரி ஃபில்டர் சுத்தம் செய்கிறது. மருந்திலிருந்து பாதுகாப்புதான். ஆனால், நாஸில்களை டேங்க் மறைத்துக்கொள்ளும். விசிறி இரைச்சலில் வேறு சத்தம் எதுவும் கேட்காது.

இந்த நேரத்தில் ஒரே ஒரு நாஸில் அடைத்துக்கொண்டால்?

பிரஷர் மீட்டரின் முள் அசையாது. மற்ற நாஸில்கள் வழக்கம்போல அடித்துக்கொண்டிருக்கும். அடைத்தது மேல் நாஸில் என்றால், அந்தப் பக்கத்து மரங்களின் உச்சி முழுக்க மருந்தே படாமல் தப்பிவிடும். டேங்க் காலியாகி இறங்கிப் பார்க்கும் வரை டிரைவருக்குத் தெரியாது.

தப்பிய உச்சிக்கு வருகிறது ‘காட்லிங் மாத்’ என்ற அந்துப்பூச்சி. இலையிலும் காயிலும் முட்டையிடும். பொரித்த புழு காயைத் துளைத்து நேராக விதைக்குப் போய்விடும். உள்ளே புகுந்த புழுவை எந்த மருந்தும் எட்டாது. முட்டை பொரிக்கும் அந்தக் காலத்தைத் தவறவிட்டால், ஒரு வருட உழைப்பு சொத்தைக் காயாகிவிடும்.

அதனால்தான் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என நாஸில்களைப் பார்த்தபடி கேமரா. படம் ஸ்டீயரிங் பக்கத்துத் திரையில் ஓடும். விசிறிபோல விரியும் மருந்தில் ஒரு இடைவெளி விழுந்தால் உடனே கண்ணில் படும். குழாய் கழன்று ஒழுகினாலும் தெரியும். நிமிடத்துக்கு ஒருமுறை கழுத்தைத் திருப்பும் வேலையும் மிச்சம்.

இதிலும் சங்கடம் உண்டு. மருந்துச் சாரல் லென்ஸில் படிந்தால் படம் மங்கிவிடும். சாரல் அடிக்காத இடமாகப் பார்த்து மாட்ட வேண்டும். டேங்கை நிரப்பும்போதெல்லாம் கையுறையோடு துடைக்க வேண்டும். தேனீக்கள் கூட்டுக்குத் திரும்பிய பிறகு, இரவில் மருந்து அடிப்பவர்களுக்கு இருட்டிலும் தெரியும் கேமரா தேவை.

இன்னொன்று, நாஸிலிலிருந்து மருந்து வெளியே வருவதைத்தான் கேமரா காட்டும். இலையில் போய்ச் சேர்ந்ததா என்று காட்டாது. அதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. ஈரம் பட்டால் நீலமாகும் மஞ்சள் காகிதத்தை உச்சிக் கிளையில் மாட்டிவிட்டு, தண்ணீர் அடித்துப் பார்த்தால் போதும். காகிதம் மஞ்சளாகவே இருந்தால், நாஸிலையும் காற்றின் திசையையும் சரிசெய்ய வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், ஆள் நடமாட்டம். இப்படிக் காற்றடித்து மருந்து தெளிக்கும்போது, சுற்றிலும் 100 அடிக்குள் வேறு யாரும் இருக்கக்கூடாது என்பது அமெரிக்க விதி. யாராவது வந்துவிட்டால் தெளிப்பதை நிறுத்தியாக வேண்டும். பக்கத்து வரிசையில் ஏணி மேல் நின்று காய் களைபவர் இருக்கலாம். பின்னால் யாராவது நடந்து வந்தால் கேமரா காட்டிக்கொடுக்கும். இலை அடர்ந்த வரிசைக்கு அந்தப் பக்கம் நிற்பவரை அதனாலும் பார்க்க முடியாது.

ஆகவே, கேமரா மாட்டிய தோட்டத்திலும் பழைய வேலைகள் அப்படியே இருக்கின்றன. எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். எந்த வரிசையில் எப்போது மருந்து என்று வேலையாட்களிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கிளம்பும் முன் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். அதன்பிறகும் திரையில் ஒரு தலை தெரிந்தால், தெளிப்பானை உடனே நிறுத்த வேண்டியது டிரைவரின் கைதான்.