தறிக்குழியில் நின்ற நீருக்குக் கணக்கு எங்கே?

பருவநிலை மாறுதலைப் பற்றிய மகாநாடுகளுக்குக் குறைவில்லை. 2020-க்குள் வளரும் நாடுகளுக்கு ஆண்டுதோறும் 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாகச் செல்வ நாடுகள் 2009-ல் கோபன்ஹேகனில் வாக்களித்தன. அத்தொகை 2022-ல்தான் எட்டப்பட்டது என்று அந்நாடுகளின் பொருளாதார அமைப்பே கணக்குக் காட்டிற்று. அதிலும் அரசுகளின் வழியே வந்ததில் பெரும்பகுதி கடன்! வெள்ளத்தில் இழந்தவனிடம் கடன் பத்திரத்தை நீட்டி அதை உதவி என்றால், கடன் சங்கம் நடத்தும் நாம் அதை எந்தப் பற்றில் எழுதுவது? 2024-ல் பாக்கு நகரில், 2035-க்குள் 30,000 கோடி என்று இலக்கை உயர்த்தியுள்ளனர். பார்ப்போம்.

ஆராய்ச்சியை நாம் குறை கூறவில்லை. ஒடிசா உழவர்கள் பயிரிட்டு வந்த நெல் ஒன்றில், நீரில் முழுகியும் இரண்டு வாரம் வரை உயிர் தாங்கும் தன்மை கண்டறியப்பட்டது. அதற்குரிய மரபணு 2006-ல் விளக்கமாயிற்று. அப்பண்பு சேர்ந்த சுவர்ணா சப்-1 நெல் 2009-ல் நம் நாட்டில் வெளியாயிற்று. நமது டெல்டா அறிந்த சி.ஆர். 1009 நெல்லுக்கும் பின்னர் அது வந்தது. உழவன் காத்த விதைதான் விஞ்ஞானிக்கு முதலாயிற்று.

நெசவாளனை யார் நினைத்தனர்? ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தறிக்குழியில் நீர் ஊறினால் மிதியில் கால் வைக்க இயலாது. தெருவில் பாவு விரிக்க வெயில் வேண்டும். கஞ்சியிட்ட பாவு உலராவிடில் அன்றைய வேலை போயிற்று. நெய்தால்தான் கூலி, தறி நின்ற நாளுக்கு ஒரு காசும் இல்லை. பயிருக்கேனும் 2016 முதல் பிரதமர் காப்பீட்டுத் திட்டம் உண்டு; அறுவடைப் பரிசோதனை செய்து மகசூல் இழப்பை அளக்கின்றனர். (அதன் குறைகளைப் பேசத் தனி இதழ் வேண்டும்.) நின்றுபோன தறிநாளை அளக்கும் கோல் எது? நிபுணர் எவரும் அளந்து தருவார் என்று காத்திருத்தல் வீண்.

எனவே, சங்கந்தோறும் உற்பத்திப் பதிவேட்டில் ஒரு பத்தியைக் கூட்டுமாறு நிர்வாகக் குழுவினரை வேண்டுகிறோம். எந்தத் தேதியில் எத்தனை தறிகள் மழையால் நின்றன, அன்று பெய்த மழை எத்தனை மில்லிமீட்டர் என்பது போதும். செலவு ஒரு மழைமானி மட்டுமே. உழவர் சங்கங்கள் விதைத்த நாளையும் வயலில் நீர் நின்ற நாள்களையும் குறிக்கலாம். நிவாரணம் கேட்டுச் செல்கையில் மனுவோடு அப்பதிவேட்டையும் மேசைமேல் வைப்போம். வரும் மகாசபையில் அங்கத்தினர்கள் இதற்குத் தீர்மானம் கொண்டுவரட்டும். ஐப்பசிக்கு முன் முதல் பக்கம் தொடங்கிவிட வேண்டும்.