விரலால் சுழற்றிப் பார்ப்பது சோதனை அல்ல

கிரீஸ் போட்டால் ஸ்கேட் சக்கரம் மந்தமாகிவிடும், எண்ணெய்தான் சரி என்கிறார்கள். சக்கரத்தை விரலால் தட்டி, எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று பார்ப்பதே அவர்கள் காட்டும் ஆதாரம். இதை நான் ஏற்கமாட்டேன். காற்றில் சுற்றும் சக்கரத்தின்மேல் பாரமே இல்லை; அங்கே கிரீஸின் பிசுக்கு பெரிதாகத் தெரியும். ஆள் ஏறி நின்றதும், பாலியூரித்தேன் சக்கரம் தரையில் அமுங்கி உருளும் தடைதான் பெரிது.

எண்ணெய் சீக்கிரம் கசிந்துவிடும். பிறகு சக்கரத்துக்குள் இருக்கும் 608 அளவு பேரிங்கின் குண்டுகள் காய்ந்து உரசும். கிரீஸ் ஒட்டி நிற்கும். தூசியையும் ஈரத்தையும் ஓரளவு தடுக்கும். பந்தயத்துக்காக அடிக்கடி கழற்றிக் கழுவுபவர்கள் எண்ணெய் விடட்டும். தெருவில் ஓட்டும் பிள்ளைகளின் ஸ்கேட்டுக்கு கிரீஸே போடுங்கள்; பேரிங்கின் காலியிடத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும்.