வாசலில் நிற்கவைத்து விசாரித்தால் எந்தப் பிள்ளை பேசும்?

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருப் பையன் ஒருவனின் முதுகில் பெல்ட் தடம். "நமக்கெதுக்குக்கா வம்பு" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு நான்தான் போன் போட்டேன். எடுத்தவர் கனிவாகத்தான் பேசினார். ஆனால் அங்கிருந்து வந்தவர்கள் பையனை விசாரித்தது வாசலில். அப்பா பக்கத்திலேயே நிற்க, அதுவும் கன்னடத்தில். அவனுக்கு வாயில் வருவது தமிழ். "கெளகெ பித்தே" என்று முணுமுணுத்தான், கீழே விழுந்துவிட்டானாம். கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுவர வேண்டும் என்கிறது 2015 சிறார் நீதிச் சட்டம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டம் இன்னும் நுணுக்கமானது: வாக்குமூலம் வாங்கும் போலீஸ் சீருடையில் வரக் கூடாது, தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ளலாம். அந்தப் பக்குவம் பெல்ட் அடிக்கு ஏன் இல்லை?

2023 முதல் 1098 தொண்டு நிறுவனங்களிடமிருந்து அரசின் கைக்கு மாறி, 112 அவசர எண்ணோடு இணைக்கப்பட்டிருக்கிறது. போன் சீக்கிரம் போய்ச் சேரட்டும், சந்தோஷம். போய்ச் சேர்ந்த பிறகு?

பையனைப் பெற்றவர்களிடமிருந்து பிரித்துக் காப்பகத்தில் போடச் சொல்லவில்லை. காப்பகம் கடைசி வழிதான் என்று சட்டமே சொல்கிறது. நான் கேட்பது வேறு. தமிழ், தெலுங்கு, உருது, இந்தி என்று வீட்டுக்கு வீடு பேச்சு மாறும் ஊர் பெங்களூரு. இத்தகைய புகார்களைக் கவனிக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஒவ்வொன்றிலும் அந்தந்த மொழிக்கு ஆள் வேண்டும். பிள்ளையிடம் தனியாகப் பேசாமல், இன்னொரு முறை போய்ப் பார்க்காமல் எந்தப் புகாரையும் மூடக் கூடாது.